சபைக்கு வெளியே இருப்பவர்களுக்காகப் போதகர் எதுவரை போகலாம்?

முதன்முதலாகக் கிராமச் சேகரம் ஒன்றுக்கு (ஒரு போதகரின் பொறுப்பில் உள்ள சபைகளுக்கு) வந்திருக்கும் இளம் போதகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “சபைக் குடும்பங்களைச் சந்திக்கவே நேரம் போதவில்லை. இதற்கிடையில் ஊரில் உள்ள மற்ற மதத்தவர்களும் ஜெபத்துக்கு, உதவிக்கு என்று வருகிறார்கள். போனால் கமிட்டியில் முணுமுணுப்பு. போகாவிட்டால் மனம் உறுத்துகிறது. எதுவரை போகலாம்?”

போங்கள் என்பதுதான் என் பதில். தென் மாவட்டச் சேகரங்களிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஜெபிக்கச் சொல்லி என் வீட்டுக் கதவைத் தட்டியவர்களில் எத்தனையோ பேருடைய பெயர் எங்கள் சபைப் பதிவேட்டில் இருந்ததில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்கவில்லை, மருமகளுக்குத் தலைப்பிரசவம், மகன் பிளஸ் டூ எழுதுகிறான், வளைகுடாவில் இருக்கும் வீட்டுக்காரரிடமிருந்து பத்து நாளாகப் போன் இல்லை என்று வருவார்கள். போதகரை எங்கள் பக்கத்தில் ஐயர் என்பார்கள். “ஐயரைப் பார்த்துட்டு வந்துருவோம்” என்று சொல்வதற்கு யாரும் மதம் பார்ப்பதில்லை. அந்த நம்பிக்கையை நமக்கு முன்னால் இருந்தவர்கள் சம்பாதித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதைச் செலவழிக்கவும் வளர்க்கவும் நமக்கு வாய்ப்பு கிடைத்திருக்கிறது.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. உதவி பெற்றவர் நாளைக்கு நம் சபைக்கு வருவார் என்ற கணக்கு மனதின் மூலையில்கூட இருக்கக் கூடாது. இயேசு சுகமாக்கிய பத்துக் குஷ்டரோகிகளின் கதை உங்களுக்குத் தெரியும். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒருவன்தான், அவனும் யூதர்கள் அந்நியனாகப் பார்த்த சமாரியன். மற்ற ஒன்பது பேர் எங்கே என்று இயேசு கேட்டார். கேட்டாரே தவிர, அவர்களுக்குக் கொடுத்த சுகத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. எதுவரை போகலாம் என்ற உங்கள் கேள்விக்கு நான் பிடித்துக்கொண்ட அளவுகோல் அதுதான். அந்த ஒன்பது பேருக்காகவும் போக முடியுமென்றால் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் போகலாம்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு நம் வரலாற்றிலேயே காரணம் இருக்கிறது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பிடித்த பஞ்சத்தில் திருநெல்வேலிச் சீமையின் மிஷனெரிகள் கஞ்சி ஊற்றினார்கள், தானியம் கொடுத்தார்கள். அதையொட்டி ஆயிரக்கணக்கானோர் சபையில் சேர்ந்தார்கள். சேர்ந்தவர்களை எல்லாம் சோற்றுக்கு வந்தவர்கள் என்று சொல்வது அநியாயம். மனிதனாக மதித்துப் பக்கத்தில் உட்கார வைத்த இடத்துக்கு ஒருவன் போவதை நான் கேவலமாக நினைக்க மாட்டேன். என் முன்னோர் சிலரும் அந்த வழியில் வந்தவர்கள்தான். இருந்தாலும் கொடுத்த கையும் ஞானஸ்நானம் கொடுத்த கையும் ஒன்றாக இருந்ததால் எழுந்த சந்தேகம் இன்றுவரை தீரவில்லை. ஆஸ்பத்திரி வார்டில் வெள்ளை அங்கியோடு நீங்கள் நுழையும்போது சிலர் முகம் இறுகுகிறது என்றால் அதன் பின்னால் இந்த நூற்றைம்பது வருடக் கதை இருக்கிறது. அவர்கள்மேல் கோபப்பட வேண்டாம்.

இந்த விஷயத்தில் எனக்கு ரொம்பப் பாடம் சொல்லிக்கொடுத்தவர் சாட் வாரா என்ற ஆங்கிலிக்கன் குருவானவர். நம்மில் அதிகம் பேருக்குத் தெரியாத மனிதர் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1935-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரத்தில் உதவி குருவாக அவர் ஊழியத்தைத் தொடங்கினார். அவர் நடத்திய முதல் அடக்க ஆராதனை ஒரு பதினான்கு வயதுப் பெண்ணுக்கு. அந்தப் பிள்ளைக்கு மாதவிடாய் வந்திருக்கிறது. அது என்னவென்று சொல்லிக்கொடுக்க யாரும் இல்லை. ஏதோ கெட்ட நோய் வந்துவிட்டது என்று நினைத்துப் பயந்து உயிரை மாய்த்துக்கொண்டது. யாராவது ஒருவரிடம் ஐந்து நிமிடம் பேசியிருந்தால் போதும், பிழைத்திருக்கும். அந்தக் கல்லறை ஓரத்தில் வாராவின் மனதில் விழுந்த கேள்விதான் பிறகு அவரை இழுத்துக்கொண்டு போனது. இளம் வயதுப் பிள்ளைகளுக்கு உடலைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தார். 1930-களில் ஒரு குருவானவர் அந்தப் பேச்சை எடுப்பது சாதாரணக் காரியம் இல்லை. திட்டும் வாங்கினார்.

1953-இல் லண்டன் மாநகரத்தின் நடுவில், வால்புரூக் என்ற தெருவில் இருக்கும் புனித ஸ்தேவான் ஆலயத்தின் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. கிறிஸ்டோபர் ரென் 1670-களில் கட்டிய அழகான கோயில். ஆனால் சுற்றிலும் வங்கிகளும் அலுவலகங்களும்தான். பகலில் ஜன நெரிசல், ராத்திரி குடியிருப்பவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவு. சபை என்று சொல்லிக்கொள்ள ஆட்களே கிடையாது. நம்மில் பலர் அதைத் தண்டனை மாற்றல் என்று நினைத்திருப்போம். வாராவோ, தன் மனதில் இருந்த திட்டத்துக்கு ஏற்ற இடம் என்று அதை ஏற்றுக்கொண்டார். லண்டனில் நாளொன்றுக்கு மூன்று பேர் தற்கொலை செய்துகொள்கிறார்கள் என்று அவர் படித்திருந்தார். நேரத்தைப் பிடுங்கும் சபை வேலைகள் குறைவாக உள்ள ஒரு குருவானவர், ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு அப்படிப்பட்டவர்களுக்காகவே உட்கார்ந்திருந்தால் என்ன என்று கேட்டார். அந்தக் கோயிலுக்குக் குருவை நியமிக்கும் உரிமை வைத்திருந்த மளிகை வணிகர் சங்கமும் சரி என்றது. அந்த வருடம் நவம்பர் 2-ஆம் தேதி முதல் அழைப்பு வந்தது.

இங்கிலாந்தில் அப்போது தற்கொலை முயற்சி ஒரு குற்றம். 1961-இல்தான் அந்தச் சட்டம் மாறியது. ஆகவே தூக்கில் தொங்கலாமா என்று நினைக்கும் ஒருவன் போலீஸிடமும் போக முடியாது, வீட்டிலும் சொல்ல முடியாது. முகம் தெரியாத ஒருவரிடம் போனில் சொல்லலாம் என்ற ஏற்பாடு எவ்வளவு பெரிய கதவைத் திறந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செய்தித்தாள்களில் பெயர் வந்ததும் கூட்டம் பெருகியது. காத்திருக்கிறவர்களுக்கு டீ போட்டுக் கொடுக்க, பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்க என்று சாதாரண ஆட்கள் சிலர் வந்து உதவினார்கள். வாரா ஒன்றைக் கவனித்தார். டீ கொடுத்தவர்களிடம் மனம் விட்டுப் பேசிய பலர், தன்னைப் பார்க்காமலேயே நிம்மதியாக எழுந்து போய்க்கொண்டிருந்தார்கள். படித்த குருவானவரின் ஆலோசனையைவிட, காது கொடுத்துக் கேட்கும் ஒருத்தர் பக்கத்தில் இருந்ததே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. தொடங்கிச் சரியாக மூன்று மாதத்தில், 1954 பிப்ரவரி 2-ஆம் தேதி, போனை எடுக்கும் பொறுப்பை அந்தத் தொண்டர்களிடமே ஒப்படைத்துவிட்டார். இயக்கத்தின் பெயர் சமாரித்தன்ஸ். நல்ல சமாரியன் கதையிலிருந்து ஒரு செய்தித்தாள் வைத்த பெயர் அப்படியே நிலைத்துவிட்டது. கோயிலின் நிலவறையில் பிறந்த அந்த இயக்கத்தில் ஆரம்பம் முதலே கறாரான விதி ஒன்று உண்டு: அழைப்பவரிடம் மதம் பேசக் கூடாது. அதை வைத்தவர் ஒரு குருவானவர். தன் விசுவாசத்தில் அவருக்குக் குறை இருந்ததாக யாரும் சொல்ல முடியாது. தொண்ணூறு வயதைத் தாண்டும் வரை அதே ஆலயத்தில்தான் ஊழியம் செய்தார்.

அந்தக் கிளை நம் ஊர் வரைக்கும் வந்திருக்கிறது. டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986-இல் சென்னையில் தொடங்கிய ஸ்நேகா அதே தோழமை முறையைப் பின்பற்றும் அமைப்பு. தொடங்கியவர் மனநல மருத்துவர், அழைப்பவர்களும் எல்லா மதத்தவரும்தான். லிங்கனில் ஒரு பிள்ளையைப் புதைத்த குருவானவருடைய துக்கத்தில் தொடங்கிய ஒரு யோசனை, தேர்வு முடிவு வரும் வாரத்தில் சென்னையில் ஒரு மாணவனின் போனை எடுக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துவிடும்.

வாராவிடமிருந்து நான் கற்றுக்கொண்டது, போதகர் தொடங்கிவைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்பது. நாமே எல்லா வீட்டுக்கும் போய், நாமே எல்லாருக்கும் நல்லவராகப் பெயர் வாங்கினால், நமக்கு மாற்றல் வந்த அன்றைக்கே எல்லாம் நின்றுபோகும். ஃபிரான்ஸில் லெ ஷம்போன் என்ற மலைக்கிராமத்தின் போதகர் ஆந்த்ரே துரோக்மே இன்னொரு சாட்சி. நாசிகள் தேடிக்கொண்டிருந்த யூதர்களை அந்த ஊரும் சுற்றுப் பண்ணைகளும் 1940 முதல் 1944 வரை ஒளித்து வைத்துக் காப்பாற்றின. போதகரை 1943-இல் கைது செய்தார்கள். வெளியே வந்த பிறகு மாதக்கணக்கில் தலைமறைவாக இருக்க வேண்டிவந்தது. வேலை நிற்கவில்லை. ஏனென்றால் அது அவருடைய வேலையாக மட்டும் இருந்ததில்லை. சபையின் வேதபாடக் குழுக்கள் வழியாக அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்திருந்தது. யூதர்களைக் காப்பாற்றியவர்களுக்குத் தரும் கௌரவத்தை இஸ்ரேலின் யாத் வஷேம் அமைப்பு போதகரோடு நிறுத்தாமல் 1990-இல் ஊர் முழுவதற்கும் கொடுத்தது.

சரி, நடைமுறைக்கு வருவோம்.

மற்ற மதத்தவர் வீட்டில் ஜெபிக்கலாமா என்றால், அவர்கள் கேட்டால் ஜெபியுங்கள். கேட்காவிட்டால் விசாரித்துவிட்டு வாருங்கள். கேட்டாலும் சுருக்கமாக ஜெபியுங்கள். ஜெபத்துக்குள் பிரசங்கத்தை நுழைக்காதீர்கள், சுவரில் இருக்கும் சாமி படத்தைப் பற்றி ஒரு வார்த்தை வேண்டாம். “கட்டாயம் சுகமாகும்” என்று வாக்குக் கொடுக்க நமக்கு அதிகாரம் இல்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்கிற போதகர்களைப் பார்த்திருக்கிறேன், அதைப் பாவம் என்றே சொல்வேன். கையில் வைக்கும் காணிக்கையை வாங்காதீர்கள், கொடுக்கும் காப்பியை மறுக்காதீர்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போடவே போடாதீர்கள்.

நமக்கு இருக்கும் பெரிய சொத்து, எந்த வாசலில் போய் நின்றால் எந்த வேலை நடக்கும் என்ற அறிவு. இது சில நேரம் ஜெபத்தைவிட அவசரமாகத் தேவைப்படும். அரசு ஆஸ்பத்திரிப் பிணவறை வாசலில் நிற்கும் ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். ராத்திரி பைக் விபத்தில் மகன் போய்விட்டான். அம்மா சிமெண்டுத் திண்ணையில் மயங்கிக் கிடக்கிறாள், யாரோ சோடாவை முகத்தில் தெளிக்கிறார்கள். அப்பா கையில் மகனுடைய செருப்பு ஒற்றை. மற்றொன்று சாலையிலேயே கிடக்கிறது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார். யாரைப் பார்ப்பது, எதில் கையெழுத்துப் போடுவது, உடலை எப்போது தருவார்கள், ஒன்றும் தெரியாது. இடையில் ஒரு தரகர் வந்து சீக்கிரம் முடித்துத் தருகிறேன் என்று ஆயிரம் ரூபாய் கேட்கிறான். அந்த இடத்தில் நான் செய்ததெல்லாம் சின்ன வேலைகள்தான். எந்தக் காவல் நிலைய எல்லை என்று கேட்டு, எஃப்.ஐ.ஆர். போட்டாகிவிட்டதா என்று பார்த்து, விசாரணைக்கு வரும் காவலரிடம் குடும்பத்தைக் கொண்டுபோய் நிறுத்துவது. காவலர் எழுதிக் கொடுக்கும் தாள் டாக்டரிடம் போனால்தான் பிரேதப் பரிசோதனை தொடங்கும் என்று அவர்களுக்குப் புரியும்படி சொல்வது. இதற்கெல்லாம் யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை, உடலை வீட்டுக்குக் கொண்டுபோக அரசின் அமரர் ஊர்தி இலவசமாகவே வரும் என்று தெரிவிப்பது. அப்புறம், உடல் வெளியே வரும் வரை அந்த அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது. அந்தக் குடும்பம் இந்துக் குடும்பம். சுடுகாட்டில் அவர்கள் முறைப்படி எல்லாம் நடந்தது, நான் ஓரமாக நின்றேன். பேசச் சொல்லி யாரும் கேட்கவில்லை, நானும் பேசவில்லை. கூட இருந்ததுதான் அன்றைய ஊழியம்.

எல்லை வைக்க வேண்டிய இடங்களும் உண்டு. தனியாக இருக்கும் பெண்ணையோ சிறு பிள்ளைகளையோ பார்க்கப் போகும்போது சபையிலிருந்து ஒரு பெண்மணியை அழைத்துக்கொண்டு போங்கள். சொன்ன ரகசியம் உங்களோடு இருக்க வேண்டும், மனைவியிடம்கூட வேண்டாம். ஆனால் ஒரு பிள்ளைமேல் பாலியல் வன்முறை நடந்திருப்பது தெரியவந்தால் அதை ரகசியமாக வைக்கக் கூடாது. 2012-ஆம் வருட போக்சோ சட்டப்படி தெரிவிப்பது கட்டாயம், போதகருக்கு விலக்கு இல்லை. உயிரை விடலாமென்று இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர்களைத் தனியாக விடாதீர்கள். பூச்சிமருந்து டப்பாவை வீட்டிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்லுங்கள். கிராமத்தில் இதற்கு இணையான முன்னெச்சரிக்கை இல்லை. உடனே மனநல உதவிக்கு 104 அல்லது 14416 எண்ணில் பேசலாம். போலீஸ் கேஸ் ஆகுமோ என்று பயந்து மறைப்பவர்களிடம் காலம் மாறிவிட்டதைச் சொல்லுங்கள். 2017-ஆம் வருட மனநலச் சட்டம் அப்படிப்பட்டவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே பார்க்கச் சொன்னது. தற்கொலை முயற்சியைத் தண்டித்த பழைய 309-ஆவது பிரிவும் 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் இல்லை.

கொடுக்கப் போகிறவன் வாங்கவும் பழக வேண்டும். 2023 டிசம்பர் மழையில் தாமிரபரணி பெருகியபோது தூத்துக்குடி மாவட்டமே தண்ணீரில் நின்றது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. திருச்செந்தூரிலிருந்து கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பயணிகளோடு நின்றுபோனது, பக்கத்து ஊர்க்காரர்கள் சமைத்துப் போட்டார்கள். எங்கள் பக்கத்தில் கோயிலைத் திறந்துவிட்டோம், பெஞ்சுகளை ஒதுக்கிப் பாய் விரித்தோம். அடுப்பு மூட்டக் காய்ந்த விறகு இல்லாத அன்றைக்கு, அடுத்த ஊர் ஜமாஅத்திலிருந்து டிராக்டரில் சாப்பாடு வந்தது. எங்கள் சபை மக்களும் வாங்கிச் சாப்பிட்டார்கள். ஏழ்மை ஒரு பக்கமும் தர்மம் ஒரு பக்கமும் என்று நாம் மனதில் போட்டு வைத்திருக்கும் கோடு அன்றைக்கு அழிந்தது. அதற்குப் பிறகு அந்த ஊருக்கு ஒரு துக்கத்துக்குப் போனபோது யாரும் என்னை எதற்கு வந்தீர்கள் என்று பார்க்கவில்லை.

கடைசியாக உங்கள் கமிட்டி. அவர்கள் முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது, தம்பி. சங்கக் காணிக்கை கட்டுகிறவர், தன் அப்பா இழுத்துக்கொண்டிருக்கும்போது ஐயர் வரவில்லை என்றால் மன்னிக்க மாட்டார், மன்னிக்கவும் வேண்டியதில்லை. அதனால் சபையில் மரணப் படுக்கை, அடக்கம், பிரசவச் சிக்கல் என்றால் முதலில் அங்கேதான் நிற்க வேண்டும். மற்ற நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம். நான் ஆஸ்பத்திரியைக் காலையிலும் சபை வீடுகளைச் சாயங்காலத்திலும் வைத்துக்கொண்டேன். அதை ஞாயிறு அறிவிப்பிலும் சொல்லிவிட்டேன். எங்கே போகிறார் என்று தெரியாதபோதுதான் முணுமுணுப்பு வரும்.

பண விஷயத்தில் சபைப் பணத்தைத் தீர்மானம் இல்லாமல் தொடாதீர்கள், நோக்கம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் சரி. வருடாந்தர பட்ஜெட்டில் வெளியார் உதவி என்று ஒரு தலைப்பைக் கேட்டு வாங்குங்கள், சின்னத் தொகையாக இருக்கட்டும். பெயர் போடாமல் கணக்கு மட்டும் மாதாமாதம் வையுங்கள்.

நமக்கு என்ன வந்தது என்று யாராவது கேட்டால், ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக்கு நடக்கும் அசனத்தை, அந்தப் பொது விருந்தை, நினைவுபடுத்துங்கள். வீட்டுக்கு வீடு அரிசியும் காய்கறியும் ஆடும் கொடுத்து, ராத்திரி முழுக்கக் கண்விழித்துச் சமைத்து, மறுநாள் ஊர் முழுக்க, மதம் சாதி கேட்காமல் சோறும் கறிக்குழம்பும் ஊற்றுகிறோம். தூக்குவாளியோடு வரிசையில் நிற்பவரிடம் நீ எந்தச் சபை என்று எந்தக் கமிட்டி உறுப்பினரும் கேட்டதில்லை. நீங்கள் கேட்பது மற்ற நாட்களுக்கும் அதே வழக்கத்தைத்தான். இதை அடுத்த கூட்டத்தில் வைத்துப் பேசுங்கள். எதிர்த்துப் பேசுகிறவர் யாரோ, மறுவாரம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அவரையே கூட அழைத்துப் போங்கள். நான் அப்படி அழைத்துப் போனவர்களில் இரண்டு பேர் இன்றைக்கும் நான் இல்லாமலே போய்க்கொண்டிருக்கிறார்கள்.